ஆகஸ்ட் 16: பாட்டு வரலாற்றுல ஒரே தேதியில விழுந்த இத்தனை கதை

பாப் மியூசிக் வரலாற்றுல எந்த தேதியை எடுத்தாலும் ரெண்டு மூணு பிறந்தநாள், ஒரு மரணம், ஒரு நம்பர் ஒன் பாட்டுன்னு எதாவது கிடைச்சிடும். ஆனா ஆகஸ்ட் 16ல கிடைக்கிறது அந்த அளவு இல்ல, அதைவிட பல மடங்கு. 1938ல ப்ளூஸ்ங்கற கறுப்பின இசையோட கிட்டார்காரர் ராபர்ட் ஜான்சன் இறந்தது இந்த தேதி, 1958ல மடோனா பிறந்தது இந்த தேதி, 1962ல பீட்டில்ஸ் குரூப்ல இருந்து டிரம்மர் பீட் பெஸ்ட்டை வெளிய அனுப்பினது, 1969ல உட்ஸ்டாக் இசைத் திருவிழாவோட சனிக்கிழமை, 1974ல ரமோன்ஸ்ங்கற ராக் குரூப் முதல் தடவையா நியூயார்க் சிபிஜிபி பார்ல மேடை ஏறினது, 1977ல எல்விஸ் பிரெஸ்லி இறந்தது, 2018ல பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் இறந்தது, எல்லாமே இதே தேதி தான்.

தற்செயல் தான், அதுல சந்தேகமே இல்ல. வருஷத்துக்கு இருக்கிறதே 366 தேதி, நூறு வருஷத்துக்கு மேல ரெக்கார்டு போட்டவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, எங்கயாவது ஒரு தேதியில கூட்டம் சேரத்தான் செய்யும். ஆனா இப்படி சேர்ந்ததை பக்கத்துல பக்கத்துல வச்சு பார்க்கும்போது எனக்கு ஒண்ணு ரொம்ப தெளிவா தெரியுது. ஒரு குரல் காலத்தை தாண்டி நிக்கணும்னா திறமை மட்டும் போதாது, அந்த குரலை சரியான நேரத்துல ஒருத்தர் காது கொடுத்து கேட்கணும், அதை யாராவது பதிவு பண்ணி வைக்கணும், அப்புறம் அதுல வந்த காசு யார் பைக்கு போச்சுங்கறதும் அந்த கதையோட பாதி. இந்த ஏழு சம்பவத்துலயும் அது தான் ஓடிக்கிட்டே இருக்கு, அதுவும் சில இடத்துல அதே ஆட்களே திரும்ப திரும்ப வர்றாங்க.

ராபர்ட் ஜான்சன்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா மத்த எல்லாரும் ஏதோ ஒரு விதத்துல அவருக்கு கடன்பட்டவங்க. மிசிசிப்பி மாநிலத்து ஹேசல்ஹர்ஸ்ட்ல பிறந்தவர், சின்ன வயசுல கொஞ்ச காலம் மெம்ஃபிஸ்ல வளர்ந்தவர், அப்புறம் டெல்டா பக்கம் பருத்தி தோட்டங்கள்ல நடக்கிற சனிக்கிழமை ராத்திரி ஆட்டங்களுக்கு கிட்டார் வாசிச்சு ஊர் ஊரா சுத்தினவர். 1936 நவம்பர்ல சான் அன்டோனியோல ஒரு ஹோட்டல் ரூம்ல சில நாள், 1937 ஜூன்ல டல்லாஸ்ல ரெண்டு நாள், அவ்வளவு தான் அவரோட மொத்த ரெக்கார்டிங் வாழ்க்கை, மொத்தம் 29 பாட்டு. பேய்கிட்ட ஆத்மாவை வித்து கிட்டார் கத்துக்கிட்டார்னு ஒரு கதை உலகம் பூரா சுத்துது, ஆனா ஹேசல்ஹர்ஸ்ட் பக்கம் ஐக் சிம்மர்மன்னு ஒரு கிட்டார்காரர் இருந்தார், அவர்கிட்ட தங்கி மாசக்கணக்குல உட்கார்ந்து ஜான்சன் பழகினார், பழகினதுக்கு அப்புறம் திரும்பி வந்தப்போ முன்னாடி அவரை ஓட்டிக்கிட்டிருந்த சன் ஹவுஸ் மாதிரி பெரிய ப்ளூஸ் ஆட்களே வாயடைச்சு போனாங்க. அந்த உழைப்பை பேய் கணக்குல எழுதறது எனக்கு எப்பவுமே உறுத்தும், ஒரு கறுப்பின இளைஞன் ராத்திரி பகலா சாதகம் பண்ணி மேல வந்தான்னு சொல்றதைவிட பேய் கதை சொல்றது ஜனங்களுக்கு சுலபமா இருந்திருக்கு.

27 வயசுல கிரீன்வுட் பக்கம் அவர் இறந்தப்போ எந்த பத்திரிகையிலயும் செய்தி வரல. விஷம் வச்சு கொன்னாங்கன்னு கூட இருந்தவங்க பின்னாடி சொன்னாங்க, உறுதியா யாராலயும் நிரூபிக்க முடியல. அவர் இறந்த தேதியே உலகத்துக்கு சரியா தெரிய வந்தது 30 வருஷம் கழிச்சு தான், கேல் டீன் வார்ட்லோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1968ல அவரோட இறப்பு சான்றிதழை தேடி கண்டுபிடிச்சார். அந்த ஒரு காகிதத்தை நாம நின்னு படிக்கணும். மரணத்துக்கு காரணம்னு இருக்கிற இடத்துல நோயோட பேர் இல்ல, டாக்டர் இல்லைன்னு மட்டும் எழுதியிருக்கு. பின்பக்கம் பதிவாளர் எழுதி வச்ச குறிப்புல தோட்ட முதலாளி சொன்னது இருக்கு: இவன் ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு ஆட்டத்துக்கு பாஞ்சோ வாசிக்க வந்தவன், எனக்கு வேலை செஞ்சவன் இல்ல, அதனால டாக்டரை கூப்பிடலன்னு. அதுக்கு மேல சிஃபிலிஸ் நோயா இருக்கும்னு தன் அபிப்ராயம் வேற. கிட்டார்ல ஒரு யுகத்தையே மாத்தினவரை பாஞ்சோகாரன்னு பதிவு பண்ணிட்டு, வேலையாள் இல்லைங்கற காரணத்துக்காக வைத்தியம் இல்லாம விட்டிருக்காங்க. இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு கோபம் வரும்.

இப்ப ஜான் ஹாமண்ட்டை பத்தி சொல்லணும், இந்த தேதியோட கதையில அவர் பேர் திரும்ப வரப்போகுது. நியூயார்க்ல வசதியான குடும்பத்துல பிறந்து, கறுப்பின இசைமேல தீராத பற்று வச்சிருந்த ரெக்கார்டு தயாரிப்பாளர். 1938 டிசம்பர் 23ல கார்னகி ஹால்ல கறுப்பின இசையோட வரலாற்றை மேடையில காட்டுற மாதிரி ஒரு பெரிய கச்சேரி ஏற்பாடு பண்ணார், அதுக்கு ராபர்ட் ஜான்சனை கூட்டிட்டு வரணும்னு ஆள் அனுப்பி தேடினார், தேடினப்போ தான் ஆள் இறந்து சில மாசம் ஆச்சுன்னு தெரிஞ்சுது. அவர் இடத்துல பிக் பில் ப்ரூன்சி பாடினார். அதோட ஹாமண்ட் விடல, ஜான்சனோட ரெண்டு ரெக்கார்டை மேடையில ஒலிக்க விட்டு அந்த ஹால் முழுக்க கேட்க வச்சார். தோட்டத்து ஆட்டத்துக்கு மட்டும் வாசிச்ச ஒருத்தர் கார்னகி ஹால்ல வெறும் ரெக்கார்டா வந்து பாடினார், நாலு மாசம் முன்னாடி தேடியிருந்தா ஆளே வந்திருக்கலாம்.

அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல பெரிய சத்தம் இல்ல. 1961ல கொலம்பியா கம்பெனி ஜான்சனோட பாட்டுகளை தொகுத்து ஒரு எல்பி போட்டாங்க, அதுக்கு பின்னாடியும் ஹாமண்ட் தான். அட்டையில போட ஒரு போட்டோ கூட அப்ப யாருக்கும் தெரியாது, அதனால மேல இருந்து பார்க்கிற மாதிரி குனிஞ்சு கிட்டார் வாசிக்கிற ஒரு ஆளை படமா வரைஞ்சு போட்டாங்க, முகமே தெரியாது. வெளிய வர்றதுக்கு முன்னாடியே ஹாமண்ட் அதுல ஒரு காப்பியை தான் புதுசா ஒப்பந்தம் போட்ட ஒரு பையன்கிட்ட கொடுத்தார், அந்த பையன் பேர் பாப் டிலன். கடல் தாண்டி இங்கிலாந்துல எரிக் கிளாப்டனும் கீத் ரிச்சர்ட்ஸும் அதையே தேய தேய கேட்டாங்க, கூட வாசிக்கிற அந்த இன்னொரு கிட்டார்காரர் யாருன்னு ரிச்சர்ட்ஸ் கேட்டாராம், ஏன்னா ஒரே ஆள் ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறார்னு நம்பவே முடியல. 1968ல கிளாப்டனோட கிரீம் குரூப், 1969ல ரிச்சர்ட்ஸோட ரோலிங் ஸ்டோன்ஸ் குரூப்னு ஜான்சன் பாட்டை எடுத்து பாடினதெல்லாம் இதுக்கு அப்புறம் வந்தது.

அதே இங்கிலாந்துல 1962 ஆகஸ்ட் 16, வியாழக்கிழமை. லிவர்பூல்ல பீட்டில்ஸ் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீனோட ரெக்கார்டு கடை ஆபீசுக்கு பீட் பெஸ்ட்டை வரச்சொல்லியிருந்தாங்க. ரெண்டு வருஷமா பீட்டில்ஸுக்கு டிரம்ஸ் வாசிச்சவர், ஜெர்மனியில ஹாம்பர்க் கிளப்கள்ல ராத்திரி முழுக்க கூடவே நின்னவர், அவங்க அம்மா மோனா வீட்டு அடித்தளத்துல நடத்தின காஸ்பா கிளப்ல தான் இந்த பசங்க 1959லயே வாசிச்சிட்டு இருந்தாங்க. எப்ஸ்டீன் சுத்தி வளைச்சு பேசிட்டு கடைசியில விஷயத்தை சொன்னார்: பசங்களுக்கு நீ வேண்டாமாம், டிரம்ஸுக்கு ரிங்கோ ஸ்டார் வர்றார். ஜான், பால், ஜார்ஜ் மூணு பேர்ல ஒருத்தர் கூட நேர்ல வந்து சொல்லல. ஜூன்ல இஎம்ஐ ரெக்கார்டு கம்பெனியில நடந்த டெஸ்ட்ல தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் பிடிக்கல, ரெக்கார்டிங்குக்கு ஸ்டுடியோ டிரம்மரை வச்சுக்கலாம்னு தான் அவர் நினைச்சார், குரூப்பை விட்டே தூக்கச் சொல்லல, அந்த முடிவு பசங்களோடது. கேவர்ன் கிளப்ல பீட் தான் வேணும்னு ரசிகர்கள் கத்தினாங்க, அந்த கலாட்டாவுல ஜார்ஜ் ஹாரிசனுக்கு கண்ணுல அடி கூட விழுந்துச்சு.

இதுல கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. செப்டம்பர் 11ல "லவ் மி டூ" பாட்டை திரும்ப ரெக்கார்டு பண்ணப்போ ஜார்ஜ் மார்ட்டின் தரப்பு ரிங்கோவையும் நம்பல, ஆண்டி ஒயிட்னு ஒரு ஸ்டுடியோ டிரம்மரை கூப்பிட்டாங்க, ரிங்கோ கையில ஒரு டாம்போரின் கொடுத்தாங்க, ஆல்பத்துல நாம கேக்கிறது அந்த வெர்ஷன் தான். பெஸ்ட் பின்னாடி லிவர்பூல்ல அரசாங்க வேலைவாய்ப்பு ஆபீஸ்ல இருபது வருஷம் வேலை பார்த்தார். 1995ல பீட்டில்ஸ் பழைய டேப்புகளை எல்லாம் தொகுத்து ஒரு ஆல்பம் போட்டாங்க, அதுல அவர் டிரம்ஸ் வாசிச்ச 10 பதிவு இடம் பிடிச்சுது, 33 வருஷம் கழிச்சு அவருக்கு ஒரு பெரிய தொகை ராயல்டியா வந்துச்சு. அன்னைக்கு யாரோ டேப்பை ஓட விட்டிருந்ததால தான் அது வந்தது, எத்தனையோ ராத்திரி ஹாம்பர்க்ல வாசிச்சதுக்கு எந்த கணக்கும் கிடையாது.

ஏழு வருஷம் கழிச்சு இதே தேதி, நியூயார்க் மாநிலத்துல பெத்தெல்ங்கற இடத்துல மேக்ஸ் யாஸ்கரோட பால் பண்ணை. உட்ஸ்டாக் 1969 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சுது, அன்னைக்கு ராத்திரி ரவிசங்கர் மழையில சிதார் வாசிச்சார், 16ஆம் தேதி சனிக்கிழமை தான் ராக் குரூப்களோட நாள். 50,000 பேர் வருவாங்கன்னு அதிகாரிகள்கிட்ட சொல்லி வச்சிருந்த இடத்துல நாலு லட்சத்துக்கு மேல கூடிட்டாங்க, வேலி போட்டு முடிக்கவே நேரம் இல்லாம இலவச கச்சேரின்னு அறிவிச்சிட்டாங்க. மத்தியானம் தொடங்கின சனிக்கிழமை பட்டியல் ஓடி ஓடி ஞாயித்துக்கிழமை காலையில தான் முடிஞ்சுது. ஜேனிஸ் ஜாப்ளின், ஸ்லை ஸ்டோன், தி ஹூ எல்லாம் இந்த பட்டியல்ல இருந்தாலும் அவங்க மேடை ஏறினப்போ கேலண்டர்ல 17 ஆயிடுச்சு, தி ஹூ வாசிச்சு முடிக்கும்போது விடிஞ்சே போச்சு. "இந்த நாள்"னு போடுற லிஸ்டுகள்ல தேதி ஒண்ணு முன்ன பின்ன இருக்கிறதுக்கு இது மாதிரி நடுராத்திரி தாண்டின கச்சேரிகள் ஒரு முக்கியமான காரணம்.

அன்னைக்கு மத்தியானம் சன்டானா வாசிச்சப்போ அவங்க முதல் ஆல்பம் கடைக்கே வரல, ரெண்டு வாரம் கழிச்சு தான் வந்துச்சு. 20 வயசு மைக்கேல் ஷ்ரீவோட அந்த டிரம்ஸ் வாசிப்பு 1970ல வந்த உட்ஸ்டாக் டாக்குமெண்டரியில இடம் பிடிச்சதால உலகத்துக்கே அந்த குரூப் தெரிஞ்சுது. அதே ராத்திரி கிரேட்ஃபுல் டெட் ஈர மேடையில கரண்ட் ஷாக் வாங்கிக்கிட்டே வாசிச்சாங்க, அவங்களுக்கு அப்புறம் கிரீடன்ஸ் குரூப் வாசிச்சாங்க, அப்ப அமெரிக்காவுல உச்சத்துல இருந்தவங்க, ஆனா தங்களோட வாசிப்பு திருப்தி இல்லைன்னு அவங்க பாடகர் ஜான் ஃபோகர்ட்டி படத்துல போட சம்மதிக்கல. விளைவு என்னன்னா கிரீடன்ஸ் உட்ஸ்டாக்ல வாசிச்சாங்கங்கறதே பாதி பேருக்கு தெரியாம போச்சு, முழு பதிவும் வெளிய வந்தது 2019ல, 50 வருஷம் கழிச்சு.

எனக்கு அந்த சனிக்கிழமையில ரொம்ப பிடிச்ச ஆள் ஆலன் வில்சன். கேன்ட் ஹீட் குரூப்ல மெல்லிசான குரல்ல பாடுவாரே, கண்ணாடி போட்ட அந்த பையன். அன்னைக்கு பொழுது சாயுற நேரத்துல அவங்க மேடை ஏறினாங்க, உட்ஸ்டாக்கோட அடையாள பாட்டு மாதிரியே ஆயிடுச்சே "கோயிங் அப் தி கன்ட்ரி", அது 1928ல ஹென்றி தாமஸ்ங்கற பழைய கறுப்பின பாடகர் ரெக்கார்டு பண்ண ஒரு பாட்டோட மெட்டு, அதுல வர்ற புல்லாங்குழல் பீஸ் கூட அவர் ஊதினதோட சாயல் தான். வில்சன் அந்த இசையை மேலோட்டமா எடுத்துக்கிட்ட ஆள் கிடையாது. ராபர்ட் ஜான்சனுக்கு முன்னோடியா இருந்த சன் ஹவுஸ் பல வருஷம் கிட்டாரையே தொடாம வேற ஊர்ல வேலை பார்த்துட்டு இருந்தார், 1964ல அவரை கண்டுபிடிச்சு திரும்ப மேடைக்கு கூட்டிட்டு வந்தப்போ தன் பாட்டுகளையே அவர் மறந்துட்டார், அப்போ பக்கத்துல உட்கார்ந்து பழைய ரெக்கார்டுகள்ல கேட்டதை வாசிச்சு காட்டி அவர் பாட்டை அவருக்கே திரும்ப சொல்லிக் கொடுத்தது இந்த வில்சன் தான், அப்ப அவருக்கு இருபது இருபத்தொரு வயசு. அப்ப அந்த பழைய ரெக்கார்டு இல்லைன்னா? 1970 செப்டம்பர்ல வில்சனும் இறந்துட்டார், அவருக்கும் 27 வயசு தான்.

காசு விஷயமும் அன்னைக்கு ராத்திரி வெடிச்சுது. கிரேட்ஃபுல் டெட்டும் தி ஹூவும் முன்கூட்டியே பணம் கைக்கு வந்தா தான் மேடை ஏறுவோம்னு சொல்லிட்டாங்க, அமைப்பாளர்கள் உள்ளூர் வங்கி மேனேஜரை சனிக்கிழமை ராத்திரியில பிடிச்சு ஏற்பாடு பண்ண வேண்டியதா போச்சு. அமைதி, அன்புன்னு பேசின இடத்துல இப்படியான்னு சிலர் இதை குறையா சொல்வாங்க, எனக்கு அப்படி தோணல, வாசிச்ச ஆளுக்கு கூலி கிடைக்காம போன கதைகளை பார்த்தவங்க வேற எப்படி இருப்பாங்க?

சரியா அஞ்சு வருஷம் கழிச்சு 1974 ஆகஸ்ட் 16, நியூயார்க் பவரி தெருவுல சிபிஜிபின்னு ஒரு பார். ஓனர் ஹில்லி கிறிஸ்டல் அதை கன்ட்ரி, ப்ளூகிராஸ், ப்ளூஸ் பாட்டுக்காக திறந்தார், பேரே அதோட சுருக்கம் தான், வந்து வாசிச்சதோ வேற கூட்டம். குவீன்ஸ் பகுதியில இருந்து லெதர் ஜாக்கெட் போட்ட நாலு பசங்க, எல்லாருக்கும் ரமோன்னு ஒரே குடும்பப் பேர், அந்த பேர் எங்க இருந்து வந்துச்சுன்னா பால் மெக்கார்ட்னி 1960ல கொஞ்ச நாள் பால் ரமோன்னு வச்சிருந்த புனைப்பேர்ல இருந்து. பாட்டு ஒவ்வொண்ணும் ரெண்டு நிமிஷம் தான், நடுவுல பாட்டு உடைஞ்சு போய் மேடையிலயே ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்குவாங்க, பார்க்க வந்திருந்த கூட்டமும் சொற்பம். உட்ஸ்டாக்ல அரை மணி நேரம் ஒரே பாட்டை இழுத்து வாசிச்ச காலத்துக்கு நேர் எதிரான மருந்து இது. 6,400 டாலர் செலவுல முதல் ஆல்பத்தை எடுத்தாங்க, 14 பாட்டு, மொத்தமே 29 நிமிஷம், 1976ல வந்த அந்த ஆல்பம் அமெரிக்காவுல விற்பனைக்கான கோல்டு சான்று வாங்கினது 2014ல தான். அதுக்குள்ள ஜோயி, டீ டீ, ஜானி மூணு பேரும் போய் சேர்ந்துட்டாங்க, நாலாவது ஆள் டாமியும் அதே வருஷம் ஜூலையில இறந்தார்.

அவங்களை ஒப்பந்தம் பண்ணது சைர் ரெக்கார்ட்ஸ் நடத்தின சீமோர் ஸ்டைன். அவரை ஏன் சொல்றேன்னா, 1982ல இதய தொற்று வந்து ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ ஒரு டெமோ கேசட்டை கேட்டுட்டு அந்த பொண்ணை இப்பவே பார்க்கணும்னு வார்டுக்கே வரவழைச்சு ஒப்பந்தத்துக்கு சரின்னு சொன்னார், அந்த பொண்ணு தான் 1958 ஆகஸ்ட் 16ல மிச்சிகன் மாநிலத்து பே சிட்டியில பிறந்த மடோனா. அஞ்சு வயசுல அம்மாவை பறிகொடுத்து, டெட்ராய்ட் பக்கத்துல வளர்ந்து, 1978ல நியூயார்க் வந்தவங்க. முதல் சிங்கிள் "எவ்ரிபடி" வந்தப்போ அட்டையில அவங்க படத்தையே கம்பெனி போடல, நியூயார்க் தெருக்காட்சி ஒண்ணை போட்டாங்க, ரேடியோல கேட்ட பலர் யாரோ ஒரு கறுப்பின பாடகின்னே நினைச்சாங்க. பத்து வருஷத்துல நிலைமை தலைகீழா மாறி 1992ல டைம் வார்னர்கூட சேர்ந்து மேவரிக்னு சொந்த கம்பெனியே ஆரம்பிச்சாங்க. தன் பாட்டோட கணக்கை தானே பார்த்துக்கிட்ட பெரிய பெண் நட்சத்திரங்கள் அதுவரைக்கும் ரொம்ப குறைவு, அந்த விஷயத்துல அவங்களுக்கு கிடைக்க வேண்டிய மரியாதை இன்னும் முழுசா கிடைக்கலைன்னு தான் நான் நினைக்கிறேன்.

1977க்கு வருவோம், செவ்வாய்க்கிழமை. மெம்ஃபிஸ்ல கிரேஸ்லேண்ட் வீட்டு குளியலறையில மத்தியானம் எல்விஸ் விழுந்து கிடந்தார், பாப்டிஸ்ட் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க, சாயங்காலம் மூன்றரைக்கு இறந்துட்டார்னு அறிவிச்சாங்க, வயசு 42. மறுநாள் மெயின் மாநிலத்துல கச்சேரி, அன்னைக்கு ராத்திரியே விமானம் ஏற வேண்டியவர். ராத்திரி டிவி செய்திகள்ல என்பிசி எல்விஸை முதல் செய்தியா சொன்னாங்க, சிபிஎஸ் பனாமா கால்வாய் ஒப்பந்தத்தை முதல்ல வச்சு அதுக்கு அப்புறம் தான் எல்விஸுக்கு வந்தாங்க, அதை அமெரிக்க பத்திரிகை உலகத்துல இன்னைக்கும் ஒரு பெரிய தவறான முடிவுன்னு பேசுவாங்க. அமெரிக்க அதிபர் கார்ட்டர் இரங்கல் அறிக்கை விட்டார். 39 வருஷம் முன்னாடி இதே தேதியில அதே மெம்ஃபிஸ்ல இருந்து ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டினா போயிடுற தூரத்துல இறந்த ஒருத்தருக்கு ஒரு டாக்டர் கூட வரல.

எல்விஸ் 1954ல சன் ஸ்டுடியோவுல முதல்ல ரெக்கார்டு பண்ணின சிங்கிள் ஆர்தர் க்ரூடப்ங்கற மிசிசிப்பி ப்ளூஸ்காரரோட பாட்டு, அந்த க்ரூடப் சேர வேண்டிய ராயல்டிக்காக வருஷக்கணக்குல போராடி, கைக்கு வராமலே 1974ல இறந்தார். அதே நேரம் எல்விஸே நல்லா ஏமாந்தவர் தான். மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் பாதிக்கு பாதி பங்கு எடுத்துக்கிட்டிருந்தார், 1973ல பழைய பாட்டுகளோட எதிர்கால ராயல்டியை எல்லாம் மொத்தமா 54 லட்சம் டாலருக்கு அவர் ரெக்கார்டு போட்ட ஆர்சிஏ கம்பெனிக்கே வித்துட்டாங்க, அதுலயும் பார்க்கருக்கு பாதி. இறந்த உடனே ஆர்சிஏ பிரஸ்கள் இரவு பகலா ரெக்கார்டு அச்சடிச்சுது, ஆனா அதுல பழைய ஹிட் எதுக்கும் அவர் மகளுக்கு ஒரு சென்ட் வரல. வீட்டு பராமரிப்பு செலவுக்கே திணறி தான் 1982ல கிரேஸ்லேண்டை டிக்கெட் போட்டு ஜனங்களுக்கு திறந்து விட்டாங்க. மருந்து விஷயத்தை சொல்லாம விடக்கூடாது, அந்த வருஷம் ஜனவரியில இருந்து மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல மாத்திரை, ஊசின்னு அவர் பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தாங்க. ஜான்சனுக்கு டாக்டரே இல்ல, எல்விஸுக்கு கேட்டதை எல்லாம் எழுதிக் கொடுக்கிற டாக்டர்.

இடையில ஒரு பேரையாவது சொல்லிட்டு போகணும், 2007 ஆகஸ்ட் 16ல இறந்த ஜாஸ் டிரம்மர் மேக்ஸ் ரோச். கம்பெனிகளை நம்பி பயனில்லைன்னு 1952லயே சார்லஸ் மிங்கஸ்கூட சேர்ந்து டெபியூன்னு சொந்த லேபிள் ஆரம்பிச்ச ஆள் அவர்.

கடைசியா 2018. அரீத்தா ஃபிராங்க்ளின் பிறந்தது மெம்ஃபிஸ், அப்பா மிசிசிப்பிக்காரர், பாதிரியார், தெற்குல இருந்து வடக்கு நகரங்களுக்கு லட்சக்கணக்கான கறுப்பின குடும்பங்கள் கிளம்பின அதே அலையில இவங்க குடும்பமும் டெட்ராய்ட் போய் சேர்ந்துச்சு. 1960ல 18 வயசு அரீத்தாவை கொலம்பியாவுக்கு ஒப்பந்தம் பண்ணது யாருன்னா, அதே ஜான் ஹாமண்ட். ஜான்சனை நாலு மாசத்துல தவறவிட்டவர் இந்த தடவை நேரத்துக்கு வந்துட்டார். ஆனா கொலம்பியா அவங்களை மென்மையான ஜாஸ் பாடகியா வளர்க்க பார்த்தாங்க, அது சரியா அமையல, அட்லாண்டிக் கம்பெனிக்கு மாறினதுக்கு அப்புறம் 1967ல அங்க தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அவங்களை பியானோ முன்னாடி உட்கார வச்சு சர்ச்சுல பாடுற மாதிரியே பாடுங்கன்னு விட்டப்போ தான் அந்த குரல் முழுசா வெளிய வந்துச்சு. ஓட்டிஸ் ரெடிங் 1965ல எழுதி பாடின "ரெஸ்பெக்ட்" பாட்டை எடுத்து, எழுத்து எழுத்தா உச்சரிக்கிற அந்த பகுதியை புதுசா சேர்த்து, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற ஆம்பளை பொண்டாட்டிகிட்ட கேட்கிற மரியாதையை ஒரு பொம்பளை கேட்கிற மரியாதையா திருப்பிட்டாங்க. 1967 ஜூன்ல நம்பர் ஒன்.

இப்ப இதை கேளுங்க: அந்த பாட்டு அமெரிக்க ரேடியோல எத்தனை தடவை ஒலிச்சிருக்கும், ஆனா ரேடியோல போட்டதுக்குன்னு அரீத்தாவுக்கு காசு வரல. அமெரிக்க சட்டப்படி ஏஎம், எஃப்எம் ரேடியோ பாட்டு எழுதினவருக்கும் பப்ளிஷருக்கும் தான் ராயல்டி கொடுக்கணும், பாடினவருக்கு கிடையாது, அந்த பணம் ரெடிங் தரப்புக்கு போச்சு. கச்சேரிக்கு முன்னாடி சம்பளத்தை நோட்டா கையில வாங்கி ஹேண்ட்பேக்ல வச்சு, அந்த பேக் கண் பார்வையில இருக்கிற மாதிரி மேடையில வச்சிட்டு தான் பாடுவாங்கன்னு நியூயார்க்கர் பத்திரிகை 2016ல எழுதுச்சு. 2015 கென்னடி சென்டர் விழா வீடியோல பாருங்க, நீள கம்பளி கோட்டோட நடந்து வந்து ஹேண்ட்பேக்கை பியானோ மேல வச்சிட்டு உட்கார்றாங்க, "நேச்சுரல் உமன்" ஆரம்பிக்கிறாங்க, அதை எழுதினவங்கள்ல ஒருத்தரான கேரல் கிங் மாடியில துள்ளறாங்க, ஒபாமா கண்ணை துடைக்கிறார், கடைசியில கோட்டை கழட்டி கீழ விட்டுட்டு நின்னு பாடறாங்க. 73 வயசு அப்போ. அந்த தலைமுறை கறுப்பின பாடகர்கள் எத்தனை பேர் பாடி முடிச்சதுக்கு அப்புறம் காசு வாங்க முடியாம திரும்பினாங்கன்னு கண்ணால பார்த்து வளர்ந்தவங்க, பேக்கை எப்படி கண்ணுக்கு மறைவா விடுவாங்க?

ஆகஸ்ட் 16 காலையில டெட்ராய்ட் வீட்டுல கணைய புற்றுநோயால இறந்தாங்க, வயசு 76. அன்னைக்கு மடோனாவோட 60வது பிறந்தநாள். நாலு நாள் கழிச்சு எம்டிவி விழாவுல மடோனா அரீத்தாவை பத்தி பேசினாங்க, தான் முன்னேற துடிச்ச காலத்துல ஒரு ஆடிஷன்ல பாடினது அதே "நேச்சுரல் உமன்" தான்னு சொன்னாங்க, தன்னை பத்தியே பேசிட்டாங்கன்னு விமர்சனம் வந்துச்சு, ஆனா ஒரு குரல் அடுத்தவங்க தொண்டையில எப்படி போய் உட்காருதுங்கறதுக்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாதுன்னு நான் சொல்வேன். ஆகஸ்ட் 31 டெட்ராய்ட்ல நடந்த இறுதிச் சடங்கு எட்டு மணி நேரம் போச்சு. முறையான உயில் இல்லைன்னு முதல்ல சொன்னாங்க, அப்புறம் கையால எழுதின காகிதங்கள் வீட்டுல கிடைச்சுது, அதுல ஒண்ணு சோபா குஷனுக்கு கீழ இருந்துச்சு, அந்த 2014 காகிதம் தான் செல்லும்னு 2023ல கோர்ட்ல ஜூரி தீர்ப்பு சொல்லிட்டாங்க.

அவங்க இறந்து ரெண்டு மாசம் கூட முடியல, 2018 அக்டோபர் 11ல அமெரிக்காவுல இசை சட்டத்துல ஒரு திருத்தம் கையெழுத்தாச்சு, 1972க்கு முன்னாடி ரெக்கார்டு பண்ண பாட்டுகளை டிஜிட்டல் ரேடியோல போட்டா பாடினவங்களுக்கும் பணம் கொடுக்கணும்னு. "ரெஸ்பெக்ட்" அதுக்குள்ள வருது. சாதாரண ஏஎம், எஃப்எம் ரேடியோ மட்டும் அந்த சட்டத்துல வரல, அங்க பாடினவங்களுக்கு இன்னும் ஒரு சென்ட் கிடையாது.